வேலை முடிஞ்சா போ

அந்த வீட்டில் யாரும் வடிவிடம் போகாதே என்று சொன்னதில்லை. "வேலை முடிஞ்சா போயேன், யாரு வேண்டாம்னா?" என்றுதான் சொன்னார்கள். மாமனார் வன்னியபெருமாள் சொன்னார். மாமியார் இசக்கியம்மாள் சொன்னாள். கணவன் செந்தூர்வேலும் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அதையேதான் சொன்னான். மூன்று வாயிலும் ஒரே வாக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றமெல்லாம் வேலையில் இருந்தது. அது முடிகிற ரகம் இல்லை.

போக வேண்டிய இடமும் தூரமில்லை. முத்தையாபுரத்தில் அவர்கள் மளிகைக் கடையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் ஏழு நிமிடம் நடந்தால், ஒரு செருப்புக்கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கே மூன்றிலிருந்து நான்கு வரை ஒரு பேட்ச். காலையில் வடிவால் முடியாது; சாயங்காலம் கடையில் கூட்டம். மூன்று மணிதான் அவளுக்குத் தோது.

இதைக் கிளப்பிவிட்டவள் ஸ்டெபி. பெரியதாழையிலிருந்து பஸ் ஏறிச் சாத்தான்குளத்துக்கு வந்து, பத்தாவது வரை வடிவின் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். ஸ்டெபி இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருந்தாள். வடிவு பிளஸ் ஒன் பாதியில் நின்றாள். அடுத்த ஆவணியில் கல்யாணம். இங்கே வந்து மூன்று வருஷம்.

"டைப்பிங்ல லோயர் பரீட்ச மட்டும் முடிச்சிரு. எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு வேணும்னு சொல்லிட்டே இருக்காவ" என்றாள் ஸ்டெபி, கடைக்கு வந்து சோப்பு வாங்குகிற சாக்கில். "நீ சரின்னு சொல்லு, ஒம் பேர்ல அட்மிஷன் நான் போட்டுருதேன்."

வடிவு சரி என்று தலையாட்டினாள். ஆபீஸ் வேலை அவளுக்குக் கனவு போலத்தான் இருந்தது, அதை நம்பவில்லை. ஒரு மணி நேரம் ஒரு நாற்காலியில், "ஏளா வடிவு" என்று யாரும் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதை நம்பினாள். அது கிடைத்தால் போதும் என்று தோன்றியது.

வேலை முடிந்தால் போகலாம் என்றால், வேலையை முடித்துவிட வேண்டியதுதானே. அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

முதலில் மாமனாரின் மூக்குக் கண்ணாடி. தினமும் விடியக்காலம் கடையைத் திறக்கும்போது "கண்ணாடி எங்க, எங் கண்ணாடி எங்க" என்று வீடு ரெண்டுபடும். அடுப்பில் பால் பொங்க, வடிவு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்குள் நுழைகிற வாசல் நிலையில், அவர் காது உயரத்துக்கு ஒரு கொக்கி மாட்டினாள். இரும்பு ஆணி அடித்தால் அந்த உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்று பிளாஸ்டிக் கொக்கியாகப் பார்த்து ஒட்டினாள். ஒரு வாரம் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு கை தானாக அங்கே போகப் பழகிவிட்டது. அதோடு காலையில் பத்து நிமிடக் கூச்சல் நின்றது.

செந்தூர்வேலின் பைக் சாவி டெலிவரிச் சீட்டோடு ஒரே கிளிப்பில் தொங்க ஆரம்பித்தது. சீட்டை எடுத்தால் சாவி கூடவே வரும். அடுத்தது அத்தையின் பிரஷர் மாத்திரை. காலையில் போட்டோமா இல்லையா என்று மத்தியானம் வரை சந்தேகம், அதற்கொரு சண்டை. மாத்திரை அட்டையைக் கத்தரித்து, ஒன்றொன்றாகச் சீரகப் பாக்கெட் போடுகிற கவருக்குள் வைத்து, ஞாயிறு முதல் சனி வரை ஏழு பாக்கெட்டையும் கடையில் தொங்குகிற சரம் மாதிரியே கட்டித் தலைமாட்டில் மாட்டிவிட்டாள். கிழித்திருந்தால் போட்டாயிற்று, கிழிக்காவிட்டால் இல்லை.

"கடையில விக்காம விட்டா சரி" என்று சொன்ன இசக்கியம்மாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதைக் காட்டவும் செய்தாள். சரம் தீர்ந்து புது மாத்திரை வாங்கத்தான் வழியில்லாமல் போயிற்று. ஆண்கள் இரண்டு பேரிடமும் சீட்டைக் கொடுத்தால் மூன்று நாள் மறந்துவிட்டு நான்காம் நாள் "மெடிக்கல்ல கூட்டம்" என்பார்கள். அதற்கு வடிவிடம் கொக்கி இல்லை.

வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் கையில் மிச்சமாயிற்று. வன்னியபெருமாள் கல்லாவில் உட்கார்ந்து பேப்பரை முழுசாகப் படித்தார். செந்தூர்வேல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் கண்ணயர்ந்தான். இசக்கியம்மாள் இன்னொரு சீரியலைச் சேர்த்துப் பார்த்தாள். அவரவர் மிச்சம் அவரவர் மடியில் போய் விழுந்தது. வடிவுக்கு மிச்சமானது மட்டும் அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்தவுடன் யாராவது, "கை சும்மாதான இருக்கு" என்றார்கள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் குடோன் வேலை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் குடோன். அதற்கொரு பின்கதவு, லோடு வண்டி வந்து நிற்கிற சந்தில் திறக்கும். கடுகு, சீரகம், சோம்பு, வெந்தயம் எல்லாம் மூடையாக அங்கே வந்து இறங்கும். அவற்றைச் சின்னச் சின்னக் கவரில் அளந்து போட்டு, வாயை ஒட்டி, பத்துப் பத்தாகச் சரம் கட்ட வேண்டும். முன்பு அதற்குப் பக்கத்துத் தெரு உமாராணி வந்துகொண்டிருந்தாள். மருமகள் கை சும்மா இருக்கிறது என்று தெரிந்ததும், "இனி வேண்டாம்மா" என்று அவளை நிறுத்திவிட்டார்கள். வடிவைத் தெருவில் பார்த்தால் உமாராணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஸ்டேப்ளர் பின் அடித்தால் ஒரே வாரத்தில் துருவேறிப் பாக்கெட்டில் செம்பட்டையாகக் கறை இறங்கும். அதனால் அந்தப் பக்கத்துக் கடைகளில் தீதான். இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடு இரண்டுக்கு நடுவே கவரின் வாயைப் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரே ஓட்டாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் கவர் ஓட்டையாகும், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் விரல். மூலையில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. அதைப் போட்டால் தீ அணையும், சீரகம் பறக்கும். ஆகவே அது எப்போதும் சுவரைப் பார்த்து நின்றது.

முதல் மாதம் தினமும் நான்கு மணி நேரம் ஆனது. வடிவு சும்மா இருக்கவில்லை. இருமல் மருந்து மூடி ஒன்று சீரகத்துக்குச் சரியான அளவாக அமைந்தது. தராசு தேவையில்லாமல் போயிற்று. தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை அறுத்துப் புனல் செய்தாள். கடைசியில்தான் முட்டை அட்டை யோசனை வந்தது. கடையில் முட்டை விற்றுத் தீர்ந்தால் தூக்கிப் போடுகிற அட்டை. ஒரு அட்டையில் முப்பது குழி. குழிக்கு ஒன்றாகக் கவரை வாய் பிளந்து நிறுத்திவிட்டால், ஒரே மூச்சில் முப்பதையும் நிரப்பலாம். கவரை ஒவ்வொன்றாக ஊதித் திறந்து, நிரப்பி, கீழே வைத்து, அது சாய்ந்து கொட்டி, அள்ளி, இதெல்லாம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. வடிவுக்கே நம்ப முடியவில்லை. முகம் கழுவி, தலை வாரி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மாமனார் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, முடிஞ்சிட்டு. கிளாஸுக்குப் போயிட்டு வாரேன்."

"முடிஞ்சிட்டா? எல்லாமா?"

"எல்லாம் முடிஞ்சிட்டு."

"இம்புட்டு வெரசலாவா?" அவர் எழுந்து குடோனுக்கு நடந்தார். வடிவு பின்னாலேயே போனாள். சரங்கள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் முட்டை அட்டை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

அங்கேதான் வடிவு தவறு செய்தாள். சொன்னாள். வாயால் சொன்னது போதாதென்று உட்கார்ந்து செய்தும் காட்டினாள். மாமனார் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. தானும் உட்கார்ந்து ஒரு அட்டையை நிரப்பினார். பாதிக் கடுகு கொட்டியது. "ஏலே செந்தூரு, இங்கன வா. எந்திரிலே. மருமவ மூளையப் பாரு" என்று மகனை எழுப்பினார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்து, "முட்ட இல்லாமயே குஞ்சு பொரிச்சிருக்கா" என்றான். இசக்கியம்மாளும் சீரியல் விளம்பரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். யார் வந்தாலும் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் அந்த வீடு அவளை இவ்வளவு பாராட்டியதில்லை. மூன்று இருபது ஆகிவிட்டது.

"அப்ப ஒண்ணு செய்யி" என்றார் வன்னியபெருமாள், வேட்டியில் ஒட்டிய கடுகைத் தட்டியபடி. "அந்த சோம்பு மூடையையும் பிரிச்சிரு. இந்த வேகத்துல போனா சாயங்காலத்துக்குள்ள சட்டுன்னு முடிஞ்சிரும்."

"மாமா, கிளாஸு..."

"வேல முடிஞ்சா போயேம்மா. யாரு வேண்டாம்னா?"

அவர் குரலில் கள்ளம் இல்லை. வடிவு அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கள்ளம் இருந்திருந்தால் ஒருவேளை பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு லோடு ஆட்டோவில் மிஷின் வந்து இறங்கியது. காலால் மிதித்தால் மேல்தாடை இறங்கிக் கவரின் வாயைக் கரண்டு சூட்டில் ஒட்டுகிற மிஷின். வன்னியபெருமாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினார்.

"ஒனக்காவத்தாம்மா வாங்கினேன். மெழுவர்த்தில கை சுடுதுல்லா."

வடிவு மிஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்டு நிமிர்வதற்குள் மீதியும் வந்தது. சாத்தான்குளத்து அருமைநாயகம் அண்ணாச்சியிடம் பேசியாயிற்று. அவர் கடைக்கு வாரம் இருநூறு சரம். ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் இரண்டு கடைக்காரர்கள் சாம்பிள் பாக்கெட் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு மணி நேர வேலை இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. இப்போது அது ஐந்தரை மணி நேரம் ஆனது.

அதைவிட மோசமான ஒன்றை வடிவு நான்கைந்து நாள் கழித்துத்தான் கண்டுகொண்டாள். மெழுகுவர்த்திக்குச் சத்தம் கிடையாது. மிஷினுக்கு உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் "டக்" என்று ஒரு தகரச் சத்தம். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற இசக்கியம்மாளுக்கு, டிவிச் சத்தத்தையும் தாண்டி அது கேட்கும். டக், டக், டக். இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

"ஏளா வடிவு, என்ன செய்யுத?"

"தண்ணி குடிக்கேன் அத்த."

டக், டக்.

வேவு பார்க்க வேண்டும் என்று அத்தை நினைக்கவில்லை. காது பழகிவிட்டது, அவ்வளவுதான். கழுத்தில் மணி கட்டிய மாடு எங்கே மேய்கிறது என்று யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. மணி நின்றால்தான் தலையைத் தூக்குவார்கள்.

சனிக்கிழமை ஸ்டெபி போன் செய்தாள்.

"நீ எப்பதான் வருவ? போன மாசம் ஒன்னோட சீட்டச் சொல்லிச் சொல்லி நிறுத்தி வச்சேன். இந்த மாசமும் ஒண்ணாந்தேதி போயி, ரெண்டாந்தேதி போயிட்டு. திங்கக்கெழம வந்து மிஷின்ல ஒக்காரலன்னா வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன்னு இன்ஸ்டிட்யூட் அம்புரோஸ் சார் சொல்லிட்டாவ."

"வேல முடிய மாட்டேங்குது ஸ்டெபி."

"முடியாது. எங்க வீட்டுலயும் முடியல. நான் போட்டது போட்டபடி வந்துருதேன்."

"ஒனக்கு அம்மா. எனக்கு அத்தை."

ஸ்டெபி "திங்கக்கெழம" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் வடிவு மிதித்துக்கொண்டே யோசித்தாள். இதுவரை அவள் சுருக்கியதெல்லாம் வேலையை. சுருங்கின இடத்தில் வேலை மறுபடி வந்து நிரம்பியது. மணலில் குழி தோண்டினால் ஊறுகிற கடல் தண்ணீர் மாதிரி. வேலை இனி எத்தனை சீக்கிரம் முடிந்தாலும் பயனில்லை. முடிந்தது வெளியே தெரியக் கூடாது. தெரிவதற்கு இருப்பது ஒன்றுதான், அந்த டக்.

அவள் கண் மூலையில் நின்ற டேபிள் ஃபேனில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம், ஃபேனைத் துடைத்து, முன்பக்கக் கம்பிக்கூண்டில் ஒரு மர ஸ்கேலை ரப்பர் பேண்டால் கட்டினாள். பக்கத்தில் காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்தாள். ஃபேன் தலையைத் திருப்பிக்கொண்டு வந்து, ஓரத்தில் ஸ்கேல் டின்னைத் தட்டி, மறுபடி திரும்பிப் போயிற்று. டங் என்றது. டின்மேல் பழைய சேலைத் துணியை ஒரு மடிப்பு போட்டாள். டம் என்றது. துணியை எடுத்துவிட்டு ஒரு தீப்பெட்டியைத் தட்டுகிற இடத்தில் ஒட்டினாள். டக்.

ஹாலுக்குப் போய் அத்தை உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்து, டிவியைப் போட்டுக் கேட்டாள். டக். கொஞ்ச நேரம். டக். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கே அந்த ஒருத்தி மீது பாவமாக இருந்தது.

திங்கட்கிழமைக்கு வேண்டிய சரத்தில் பாதியை ஞாயிறே போட்டு, காலிச் சாக்குக்குள் ஒளித்து வைத்தாள். மீதியைத் திங்கள் காலையில் சோறு வடிகிற நேரம், குழம்பு கொதிக்கிற நேரம் என்று இடையிடையே போட்டாள். இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. இந்தத் தடவை ஹாலுக்கு வரவில்லை. இரண்டு ஐம்பது வரை கவர் இல்லாமலே மிதித்துவிட்டு மிஷினை நிறுத்தி, ஃபேனைப் போட்டாள். டக் என்றது. பின்கதவைத் திறந்து சந்தில் இறங்கி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் சாலையில் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் நிழலிலேயே தலையைக் குனிந்து நடந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து டைப்ரைட்டர்களின் டக் டக். வடிவுக்கு ஒரு நிமிடம் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

"அருணாசலவடிவுதான? ஸ்டெபி சொன்ன பிள்ள" என்றார் அம்புரோஸ் சார். தலை நரைத்த, குட்டையான மனிதர். "வந்துட்டியே. ஒக்காரு. முதுகு நேரா இருக்கணும். விரல இங்கன வையி. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். அடிக்கும்போது கீயப் பாக்கக் கூடாது, தாளத்தான் பாக்கணும். ஒரு பக்கம் முழுக்க இதத்தான் அடிக்கணும். இன்னைக்கு வேற ஒண்ணும் கெடையாது."

அவள் அடித்தாள். எஸ் விழுந்தது, டி விழுந்தது. ஏ மட்டும் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி விழுந்தது. இடது கைச் சுண்டுவிரலுக்கு வலுவில்லை. அளக்க, பிடிக்க, ஒட்ட, கட்ட மற்ற விரல்களுக்கெல்லாம் அந்த வீட்டில் வேலை இருந்தது. சுண்டுவிரலை மட்டும் யாரும் எதற்கும் கேட்டதில்லை. அவள் அதை அழுத்தி அழுத்தி அடித்தாள். மூன்றாவது வரியில் ஏ கொஞ்சம் கறுத்தது.

ஐந்தாவது வரியில் இருக்கும்போது தலைக்கு மேலே ஃபேன் மெதுவாயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு நின்றுவிட்டன.

"கரண்டு போச்சு, ஜன்னலத் தொறங்க" என்றார் சார். யாரோ எழுந்து திறந்தார்கள். மற்ற யாரும் கையை எடுக்கவில்லை. அந்த மிஷின்களுக்குக் கரண்டு வேண்டாம். டக் டக் என்று அறை பாட்டுக்கு ஓடியது. வடிவின் கை மட்டும் நின்றிருந்தது.

அங்கே டக் நின்றிருக்கும். டிவியும் நின்றிருக்கும். டிவி இல்லாவிட்டால் அத்தை எழுந்து நடப்பாள். முதலில் கூப்பிடுவாள். இரண்டாம் தடவையும் கூப்பிடுவாள். பிறகு குடோனுக்கு வருவாள். அங்கே ஃபேனும் ஸ்கேலும் பிஸ்கட் டின்னும் இருக்கும், ஆள் இருக்காது. எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. அனல்மின் நிலையம் இருக்கிற ஊரில் கரண்டு போகாது என்று நினைத்தாளா என்ன? மாதத்தில் பத்துத் தடவை போகிறது.

மணி மூன்று இருபத்தைந்து. ஓடினால் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். அதற்குள் அத்தை குடோனுக்கு வந்திருப்பாள். ஓடினாலும் பிடிபடுவாள், உட்கார்ந்திருந்தாலும் பிடிபடுவாள். ஓடினால் ஏ வரி பாதியில் நிற்கும், பிளஸ் ஒன் மாதிரி. நாளைக்கு இந்த நாற்காலிக்கு வர முடியுமோ என்னவோ. இன்றைக்கு இதில் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது.

அவள் விரலை ஏ மேல் வைத்தாள். நான்கு மணி வரை அடித்து, பக்கத்தை முடித்து, சாரிடம் காட்டி, அவர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்ட பிறகுதான் படி இறங்கினாள். கரண்டு எப்போது திரும்பி வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பின்கதவைத் திறக்கும்போதே டக் என்று கேட்டது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, சோம்பு மூடைமேல், இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி ஸ்கேல் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு வாசலிலேயே நின்றாள்.

"கரண்டு போச்சு" என்றாள் அத்தை, திரும்பாமல். "டிவியும் நின்னுட்டு, ஒஞ் சத்தமும் நின்னுட்டு. சரி, காப்பி போட வருவேன்னு பாத்தேன். காணல. வந்து பாத்தா ஆளு இல்ல. காலு வலிச்சுது, இங்கனயே ஒக்காந்தேன்."

வடிவு கையிலிருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஒக்காந்திருக்கும்போதே கரண்டு வந்துட்டு. இந்தச் சவம் தன்னால திரும்பி வந்து டக்குன்னு ஒரு அடி. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு, மூதி. சுடலமாடா, பேயி வந்து பாக்கெட்டு போடுதான்னு..."

டக் என்றது.

"எங்க போன?"

"கிளாஸுக்கு."

"வேல?"

வடிவு சாக்கைக் காட்டினாள். அத்தை குனிந்து அதன் வாயை விலக்கிப் பார்த்தாள். சரங்கள் அடுக்கி இருந்தன.

"எப்ப முடிச்ச?"

"ரெண்டரைக்கு."

"ரெண்டரைக்கு" என்று அத்தை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது கடையிலிருந்து வன்னியபெருமாளின் குரல் வந்தது. "ஏளா, வடிவு என்ன செய்யுதா? சாத்தான்குளத்துக்கு வண்டி வந்துட்டு. சரம் ஆச்சான்னு கேளு."

அத்தை ஃபேனைப் பார்த்தாள். அது அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. டக் என்று அடிக்கும் வரை காத்திருந்தாள்.

"போட்டுக்கிட்டிருக்கா" என்று குரல் கொடுத்தாள். "இன்னும் கால் மணி நேரம் ஆவுமாம். டிரைவர டீ குடிக்கச் சொல்லுங்க."

கடையில் பேச்சு அடங்கியது. இசக்கியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஃபேன் பக்கம் போய், குமிழைப் பிடித்து, மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினாள். இறக்கைகள் மெதுவாயின. தலை திரும்புவதும் மெதுவாயிற்று.

"நீ இம்புட்டு வெரசலா போட மாட்ட. ஒரு பாக்கெட்டுக்கு நீ எம்புட்டு நேரம் எடுப்பேன்னு எனக்குத் தெரியும். நானும் மொதல்ல ஏமாந்துட்டேன், வேற ஒண்ணுமில்ல, சீரியல்ல கல்யாணம் நடந்துது."

வடிவு சாக்கின் வாயை இழுத்து மூடினாள்.

"ரெண்டரைக்கு முடிஞ்சிட்டுன்னு அவுகட்ட சொல்லிராத" என்றாள் அத்தை. வாசல் வரை போனவள் நின்றாள். "எம் மாத்திர தீந்து நாலு நாளாவுது. நாளைக்குப் போற வழியில மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துரு. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

"சரி அத்த."

"அந்தச் செருப்புக்கடைக்கு எதுத்தாப்புலதான டெய்லர் கட? எஞ் ஜாக்கெட்டு ஒண்ணு அங்கன கெடக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வா."

"சரி."

"வரும்போது ரெண்டு முழம் பூவும் வாங்கிக்கோ. நாலுக்குள்ள வந்துரணும். பெறவு காப்பி போட ஆளில்ல."

அவள் போய்விட்டாள். ஹாலில் டிவி பேச ஆரம்பித்தது. குடோனில் ஃபேன் மெதுவாகத் திரும்பி வந்து டக் என்றது. வடிவு அதை உடனே நிறுத்தவில்லை. இன்னும் கால் மணி நேரம் அவள் பாக்கெட் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூடைமேல் உட்கார்ந்து இடது கைச் சுண்டுவிரலை நீவிவிட்டாள். அது விண்ணென்று வலித்தது.

மெடிக்கலில் அந்த நேரத்தில் கூட்டம் நிற்கும். பத்து நிமிடம் போய்விடும். டெய்லர் ஐந்து நிமிடமாவது பேசாமல் விடமாட்டார். பூக்காரி வேறு. நான்குக்குள் வர வேண்டுமென்றால் மூன்று முப்பத்தைந்துக்கே மிஷினிலிருந்து எழ வேண்டும். ஒரு மணி நேரத்தில் பாதிதான் மிஞ்சும். ஆனால் போகும்போதே சீட்டை மெடிக்கலில் நீட்டி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டால், திரும்பும்போது கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். டெய்லருக்குக் காலையிலேயே போன் செய்துவிடலாம். பூவை இன்ஸ்டிட்யூட் படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கலாம். அப்படிச் செய்தால் மூன்று ஐம்பது வரை உட்காரலாம்.

பதினைந்து நிமிடம் மிச்சம்.

இதை யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தபடி, அவள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரைச் சீட்டை எடுக்கப் போனாள்.